தலைவலிக்கு முன் வரும் இருபது நிமிடங்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுபோயிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில், கையில் ஃபோன் இருந்தும், செல்வத்துக்கு நான் ஏன் அழைப்பு எடுக்கவில்லை? மூன்று வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பதில் வருகிறது. அடுத்த நாள் பார்த்தால் அது பதிலாகத் தெரிவதில்லை.

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்காக இந்த மலரில் எழுதச் சொன்னார்கள். மற்றப் பக்கங்களை எழுதுகிறவர்கள் முப்பது வருடம் வேலை பார்த்து முறையாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. பத்து வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்துவிட்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளைக் காரணம் காட்டி விலகியவள். அந்தக் காரணம் முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். நல்லதாக நடந்த எதையாவது எழுதியிருக்கலாம். ஆனால் புதியவர்களுக்கு என்ன சொல்வது என்று நினைத்தவுடன் எனக்கு ஒரே ஒரு வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வீடுகளில் நம்மை மிட்வைஃப் மிஸ் என்பார்கள். அந்தப் பெயருக்கு இந்நேரம் நீங்களும் பழகியிருப்பீர்கள். வயிறு அளப்பது, நிறை பார்ப்பது, தடுப்பூசிக்கு நினைவூட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எழுதப்போவது தலைவலியைப் பற்றி.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி இருக்கிறது. வலது புருவத்துக்கு மேல் தொடங்கி நாடி மாதிரித் துடிக்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறையும். இருட்டறையில் தூங்கி எழுந்தால் போய்விடும். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால் வரும், சாப்பாடு தள்ளிப்போனாலும் வரும். இதுதான் மைக்ரேன் என்று நினைத்திருந்தேன். பயிற்சிக் காலத்தில் வேறு வகைகளைப் பற்றியும் சொல்லித்தந்தார்கள், நானும் ஒழுங்காகக் குறிப்பு எடுத்தேன். ஆனால் சொந்த உடம்பு சொல்லித்தந்த பாடம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரு பெண் தலைவலி என்றால் உடனே என் தலைவலியை எடுத்து அவளுக்கு அளவு பார்ப்பேன். "எனக்கும் இருக்கு, தெரியும்" என்பேன். அதை அன்பு என்று நினைத்தேன். அப்படிச் சொன்ன பிறகு ஒருவராவது தன் தலைவலியைப் பற்றி மேலும் ஒரு வரி சொன்னதாக ஞாபகம் இல்லை.

இனி அந்த வீடு. சுகந்தி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை, செல்வம் என்பது அவளுடைய கணவரின் பெயரும் இல்லை. தெரிந்தவர்களும் கண்டுபிடிக்க முடியாதபடி வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். செல்வம் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். மெயின் ரோட்டிலிருந்து அறுபது படி ஏறினால் அவர்கள் வீடு. அவர், சுகந்தி, நான்கு வயது மகள், செல்வத்தின் அம்மா.

இது நடப்பதற்கு முந்தைய வருடம் சுகந்திக்கு ஓர் ஆண் குழந்தை ஒன்பதாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. அந்தக் கர்ப்பத்தில் மாதா மாதம் வயிறு அளந்தவள் நான். யாருடைய தவறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன், பெரும்பாலான நாட்களில். அதற்குப் பிறகு நான் என் மகனைப் பெற்று, பிரசவ விடுமுறை முடிந்து, திரும்பவும் அந்தப் படிகளில் ஏறினேன். சுகந்தி என் பிள்ளையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் எதைக் கேட்டாலும் மறுக்கக்கூடாது என்ற நிலைமையில் நான் அப்போது இருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு வீட்டின் மேல் உங்களுக்கு இரக்கம் மிகுந்துபோனால், அந்த வீட்டில் நீங்கள் கேட்கும் கேள்விகள் குறைந்துபோகும்.

முன்பள்ளி மண்டபத்தில் குழந்தைகளின் நிறை பார்க்கும் நாள் அது. மகளைத் தராசில் ஏற்றிக்கொண்டே சுகந்தி குனிந்து மெல்லச் சொன்னாள்.

"மிஸ், இன்னும் ஒரு வருசத்துக்கு எனக்கு வேணாம். என்னால முடியல. அவருகிட்ட சொன்னா ஏச மாட்டாரு. அழுவாரு. அத என்னால பாக்க முடியாது."

கருத்தடை ஊசியைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்றாள். ஊசி போட்டால் சிலருக்கு மாதவிடாய் நாள் தவறும். அந்த வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது சுகந்தியின் வேலை. மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும் மாமியார் ஏற்றுவார். ஆகவே அவளுடைய நாள் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழமை தள்ளிப்போனால் போதும், செல்வத்தின் முகத்தில் ஆசை வந்துவிடும் என்றாள். கருப்பைக்குள் லூப் வைக்க கிளினிக் போக வேண்டும், மாமியார் கூடவே வருவார். மிச்சம் இருந்தது கருத்தடை மாத்திரை. அதில் நாள் தவறாது.

யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாத்திரை தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளின் தாள் உங்கள் பையிலும் இருக்கிறது. எனக்கு அது நிறைப் பதிவேட்டின் அடியில் இருந்தது. மண்டபத்தில் முப்பது தாய்மார். நாலு அடி தள்ளி வாங்கில் உட்கார்ந்திருந்தார் மாமியார். நான் பதிவேட்டைப் பார்த்தபடி உதடு அசையாமல் கேட்டேன், அவள் மகளின் சப்பாத்தைக் கழற்றியபடி தலையசைத்தாள். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. காலில் வீக்கம், நெஞ்சு வலி, மஞ்சள் காமாலை, எல்லாம் இல்லை. தலைவலி வருமா என்றேன்.

"அது சின்ன வயசுலேருந்து வருது மிஸ். உங்களுக்கு வருமே, அது மாதிரிதான்."

அதற்கு அடுத்த கேள்வி, வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது மாற்றம் தெரியுமா என்பது. அதைக் கேட்கும் முன் மாமியார் எழுந்து வந்துவிட்டார், பிள்ளை எத்தனை கிலோ என்று பார்க்க. நான் "இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மாத்திரை அட்டைகளைக் குழந்தையின் வளர்ச்சிக் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். இப்படிக் கொடுப்பது நான் கண்டுபிடித்த வழி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள். உங்களில் சிலரும் செய்துகொண்டிருப்பீர்கள்.

கேட்காத கேள்விக்குப் பதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் மோசம். அவள் கர்ப்பமாக இருந்த காலத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ், உங்க மூஞ்சியில பாதியக் காணோம்."

"மிஸ் முழுசாத்தான் இருக்காங்க," என்றார் மாமியார். "பகல்ல தூங்கி எந்திரிச்சா இப்படித்தான். போயி மூஞ்சியக் கழுவு."

"மத்தப் பாதிய வீட்டுல மக புடிச்சு வச்சிருக்கா," என்றேன் நான்.

மூன்று பேரும் சிரித்தோம். இருபது நிமிடம் கழித்து நான் குடையை எடுத்துப் புறப்படும்போது சுகந்தி தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். வெயில் என்றார் மாமியார். வெயில் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் சொன்னது வேடிக்கை இல்லை. அவளுக்கு உண்மையாகவே என் முகத்தில் பாதி தெரியவில்லை. மைக்ரேனில் ஒரு வகை இப்படித்தான் வரும். வலிக்கு முன்னால் ஒரு பத்து இருபது நிமிடம், சில வேளை ஒரு மணி நேரம் வரைக்கும், பார்வையில் ஒரு பகுதி மறைந்துவிடும். அல்லது ஒரு புள்ளி மின்னத் தொடங்கி, வளைந்து வளைந்து கோடாகப் பெருகும். சிலருக்கு விரலில் மரப்பு தொடங்கிக் கை வழியாக உதட்டுக்கு ஏறும். சிலருக்குச் சொல் தட்டுப்படாது. பிறகு எல்லாம் விலகி வலி வரும். முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன் என்று நம் புத்தகங்களில் இருப்பது இதுதான். இந்த வகை உள்ள பெண்ணுக்கு மூளையில் இரத்தம் கட்டும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் அவளுக்குக் கொடுத்த, இரண்டு ஹோர்மோன் சேர்ந்த மாத்திரை அதை இன்னும் கூட்டும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி தாளில் தனி வரியாக இருக்கிறது.

மாத்திரை தொடங்கி ஆறாம் மாதம், திரும்பவும் நிறை பார்க்கும் நாளில், அவளே சொன்னாள்.

"இப்ப அடிக்கடி வருது மிஸ். வெரல்ல எறும்பு ஊர்ற மாதிரி தொடங்கி வாய் வரைக்கும் வருது. பெறகுதான் தலவலி."

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொன்னேன். கார்டின் உறைக்குள் அடுத்த இரண்டு மாதத்துக்கானதை வைத்தேன். முதல் தடவை கூட்டத்தின் மேல் பழி போடலாம், மாமியார் மேல் போடலாம். இந்தத் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. அவள் சொன்னாள், நான் கேட்டேன், என் காதில் விழுந்தது. இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். என் மகனுக்கு அன்று காய்ச்சல். இவை உண்மை, ஆனால் விளக்கம் இல்லை.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மடவளைப் பக்கம் வேறொரு முன்பள்ளியில் இருந்தேன். பத்து மணிக்குச் சற்று முன்னால் செல்வம் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"மிஸ், இவளுக்குத் தலவலி. காலையில ஏழு மணிக்கே கண்ணு மின்னுதுன்னா. கொஞ்ச நேரத்துல போயிரும்னு விட்டுட்டேன். இப்ப பேச்சு கொழறுது. வலது கையில கப்பப் புடிக்க மாட்டேங்குறா. தூங்கவிட்டா சரியாயிருமா?"

"கண்ணு மின்னுறது வழக்கமா?"

"எப்பவும் தலவலிக்கு முந்தி மின்னும்தானே மிஸ். ஒங்களுக்குத் தெரியுமே."

எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. பாதி முகம், எறும்பு, கோடு போட்ட கட்டம். வழக்கமான முன்னறிகுறி ஒரு மணி நேரத்துக்குள் விலகிவிடும். இது மூன்று மணி நேரமாக விலகவில்லை. தூங்க விடாதீங்க, இப்பவே த்ரீவீல் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, எத்தனை மணிக்குத் தொடங்கிச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க என்றேன். அது சரியான வார்த்தை. இந்தக் கதையில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நேரில் போய் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முன்பள்ளி வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. இறங்கி நடந்திருக்கலாம். பாலத்தைத் தாண்டி நடந்து அந்தப் பக்கம் த்ரீவீல் எடுத்திருக்கலாம். அதையும் இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது, இதோ நகரும், இதோ நகரும் என்று உட்கார்ந்திருந்தேன். செல்வத்துக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன். அவர் அழுவார் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சுகந்தியே டாக்டரிடம் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் ஆறுதல்பட்டேன். பேச்சு குழறுகிறவள் எப்படிச் சொல்வாள் என்று எனக்கு அந்த பஸ்ஸில் தோன்றவே இல்லை.

வாக்கைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளின் அடியில் என் கையெழுத்து இருந்ததையும் நான் பஸ்ஸில் மறந்திருக்கவில்லை. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே யாரும் தவறு செய்யவில்லை. ரொம்ப நாளாக மைக்ரேன் இருக்கிறது, கண் மின்னும், வாந்தி வரும் என்று செல்வம் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். பரசிட்டமோல் மட்டும்தான் என்று அவர் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார். மைக்ரேனிலும் பேச்சு குழறும், கை மரக்கும். வலிக்கு ஊசி போட்டு, திரையை இழுத்து, வெளிச்சம் படாமல் படுக்கவைத்துக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஓர் இளம் டாக்டரைப் பிடித்து, சிங்களத்தில், வேகமாகச் சொன்னேன்: எட்டு மாதமாக மாத்திரை எடுக்கிறார், கொடுத்தது நான், முன்னறிகுறி பல வருடமாக இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, குடும்பத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த நிமிடமே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார்கள். மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்கட்டு. அதைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்கான மணிக்கணக்கு கடந்துவிட்டது என்றார்கள். பத்து மணிக்கே நான் ஃபோனில் சொல்லியிருந்தால் நேரம் இருந்திருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இருந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை.

வாசலில் செல்வம் நின்றார். நான் பேசியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்கிறது. கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவர்.

"என்ன மாத்திரை மிஸ்?"

"புள்ள தங்காம இருக்கிறதுக்கு."

"எவ்வளவு நாளா?" என்றார்.

"எட்டு மாசம்."

"எங்க வாங்கினா?"

"இப்ப அதப் பேச வேணாம்," என்றேன். "மொதல்ல அவங்க நல்லா வரட்டும்."

கேட்க நன்றாக இருக்கும் வாக்கியம் அது. நம் தொழிலில் இப்படிப்பட்டவை நிறையக் கைவசம் இருக்கும். அதைச் சொல்லிவிட்டு நான் தண்ணீர் வாங்கிவரப் போனேன். மறுநாள் செல்வம் தானாகவே முடிவு செய்திருந்தார், டவுனில் ஏதோ ஒரு ஃபார்மசியில் வாங்கியிருக்கிறாள் என்று. எப்படியோ எனக்குத் தெரியவந்து நான் ஓடிவந்து சொன்னேன் என்றும் நினைத்தார். என் கையைப் பிடித்தார்.

"நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லாட்டி இவ செத்துப்போயிருப்பா மிஸ்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில் நானே போய்ச் சொன்னேன். மேற்பார்வை சிஸ்டர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ஏசவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டாயா, இல்லை பதில் தெரியும் என்று நினைத்தாயா என்றார். நினைத்தேன் என்றேன். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் இரகசியம் என்பதால் விஷயம் அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை. எனக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மாதம் கழித்து விலகினேன்.

நீங்கள் செய்ய வேண்டியதென்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். யாராவது தலைவலி என்றால் உங்கள் தலைவலியைப் பற்றிப் பேசாதீர்கள். வலி தொடங்கும் முன் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள். இதை நான் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு எட்டு வயது. சில நாள் முகம் வெளுத்து, வயிற்று வலி என்று சுருண்டு படுத்து, வாந்தி எடுப்பாள். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் போனால் கட்டாயம் வரும். பிள்ளைகளுக்கு மைக்ரேன் சில வேளை தலைக்கு வராமல் வயிற்றுக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து நான் அவளைத் தினமும் கேட்கத் தொடங்கினேன், கண்ணில் ஏதாவது மின்னுதா என்று. ஒரு மாதத்தில் அவள் ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டாள், நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்து. கேட்காமல் ஒருத்தியைக் கெடுத்தேன், கேட்டுக் கேட்டு இன்னொருத்தியைக் குழப்புகிறேன்.

மைக்ரேன் இருக்கிறவருக்கு வேறொன்றும் வராது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு வந்தது எப்போதும் வருவது போலவா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தை போதும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே நொடியில் இடி விழுந்த மாதிரி வந்த வலி, காய்ச்சலோடும் கழுத்து மடங்காமலும் வரும் வலி, ஒரு பக்கம் பலமிழப்பது, ஒரு மணி நேரம் தாண்டியும் விலகாத மின்னல் அல்லது மரப்பு, இவை எதற்கும் இருட்டறை மருந்தில்லை. கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்று சில கிழமையே ஆனவளுக்கோ புதிதாக வரும் கடுமையான தலைவலியை மைக்ரேன் என்று நீங்கள் பெயர் வைக்காதீர்கள். தலைவலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறவளுக்கு அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும். வெட்கப்படுத்தாமல் கேட்டால் எத்தனை என்று சொல்வார்கள்.

இன்னொன்று. வீட்டுக்குச் சொல்லமாட்டேன் என்று கொடுக்கும் வாக்கு டாக்டருக்குச் சொல்லமாட்டேன் என்ற வாக்கு இல்லை. இதை மாத்திரை கொடுக்கும் நாளிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆபத்து வந்தால் ஆஸ்பத்திரிக்கு நான் சொல்வேன், சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் அன்று பஸ்ஸில் ஏறும் முன்பே வார்டுக்கு ஃபோன் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

சுகந்தி வீட்டுக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகு பார்க்கப் போனேன். வலது கை மடியில் கிடந்தது. மாமியார் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார், பொறுமையாகத்தான். சொற்கள் ஒன்றொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தண்ணி, அம்மா, மகளின் பெயர். செல்வம் என் முன்னால் அவளிடம் குனிந்து கேட்டார்.

"மிஸ் கிட்டயாவது சொல்லு. எங்க வாங்கின?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணி, சொல்லைத் தேடியது. இப்போது சொல்லிவிடுவாள், சொல்லட்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன்.

"கடை," என்றாள். பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பி, தெளிவாக, இன்னொரு தடவை, "கடை."

கையில் சேர்ந்திருந்த பத்துப் பதினைந்து சொற்களில் ஒன்றை அவள் எனக்காகச் செலவழித்தாள். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வருடத்தில் அவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். நடக்கிறாள். இடது கையால் வேலை செய்கிறாள். சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசுகிறாள். செல்வம் அவளை விட்டுவிடவில்லை, அடிக்கவில்லை. அவளை நம்புவதை மட்டும் நிறுத்திவிட்டார். எனக்கு இதெல்லாம் தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். இன்னும் பல வருடம் பேசாமலே இருந்திருப்பேன். போன மாதம் கண்டி பஸ் ஸ்டாண்டில் மாமியாரையும் அந்தச் சிறுமியையும் கண்டேன். இப்போது அவளுக்கு ஏழு வயது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சாதாரணமாக, பாடசாலையில் கேட்ட செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள்:

"அம்மா அப்பாவுக்குப் பொய் சொன்னாங்க. அதனாலதான் கை போச்சு."

மாமியார் அவள் தலையைத் தடவினார். மறுக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அந்தப் படிகளில் ஏறுவதாக நினைத்துப்பார்க்கிறேன். செல்வத்திடம் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: மாத்திரையைக் கொடுத்தது நான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொடுத்தேன். ஆனால் எப்படிக் கொடுத்தேன் என்று அவர் கேட்பார், கார்டின் உறையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நான் வேலை பார்த்த அந்த ஊர்ப் பகுதி இப்போது உங்களில் ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இன்னும் எத்தனை பெண்கள் அப்படி வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். செய்தி பரவினால் ஒவ்வொரு வீட்டிலும் கார்டைத் திறந்து பார்ப்பார்கள். மிட்வைஃப் மிஸ்ஸை வாசலோடு அனுப்புவார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு வழி இல்லை. முதலில் சுகந்தியிடம் கேட்கலாம் என்றால், அவள் தனியாக இருக்கும் நேரமே கிடையாது. அப்படிக் கிடைத்தாலும், அவள் வேண்டாம் என்று தலையசைத்தால், அது அவளுக்காகவா எனக்காகவா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அந்தச் சிறுமி வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.

உங்களிடம் கேட்கிறேன். நான் போக வேண்டுமா? போவதென்றால் முதலில் யாரிடம்? அந்த வீடுகளில் ஏறி இறங்குகிறவர் நீங்கள், அதனால் வரும் கஷ்டமும் உங்களுடையது. ஆகவே உங்கள் பதில் எனக்கு வேண்டும். இந்த மலரின் ஆசிரியர் குழு வழியாக எழுதினால் என்னிடம் வந்து சேரும். போகச் சொல்லி எழுதுகிறவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே வேண்டாம் என்று மட்டும் எழுதினால், நான் அதை உடனே ஏற்றுக்கொண்டுவிடுவேன்.